சோளச் சர்க்கரையில் நெய்த கம்பளம்

சொரோனா என்று ஒரு பாலியஸ்டர் இழை இருக்கிறது. கம்பளத்துக்கும் துணிக்கும் போகிறது. அதைச் செய்யத் தேவையான புரொப்பேன்டையால் என்ற திரவம் ஒரு காலத்தில் பெட்ரோலியத்தில் இருந்துதான் வந்தது. இப்போது அதைச் சுரப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஆமாம், நம் குடலில் குடியிருக்கும் அதே இனம்தான்.

டூபாண்ட், ஜெனென்கோர் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை இது. சர்க்கரையில் இருந்து நேராக இதைச் செய்யும் நுண்ணுயிர் இயற்கையில் கிடைக்கவில்லை. அதனால் சர்க்கரையைக் கிளிசராலாக மாற்ற ஈஸ்டின் மரபணுக்கள், அடுத்த படிக்கு கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவின் மரபணுக்கள் என்று ஈ.கோலைக்குள் ஏற்றினார்கள். கடைசிப் படிக்கும் கிளெப்சியெல்லாவின் நொதியைத்தான் முதலில் வைத்தார்கள். பார்த்தால், ஈ.கோலையிடம் ஏற்கெனவே சும்மா கிடந்த ஒரு நொதி அதைவிட நன்றாக வேலை செய்கிறது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

கடைசியில் ஈ.கோலை வளரும் கரைசலில் லிட்டருக்கு 135 கிராம் வரை புரொப்பேன்டையால் எடுத்தார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள லவுடனில் 2006-இல் ஆலையும் ஓடத் தொடங்கியது. தீனி, சோளத்தில் இருந்து எடுத்த குளுக்கோஸ்.

சரி, இதை வைத்து ‘இயற்கை இழை’ என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். எடையில் 37 சதவீதம்தான் தாவரத்தில் இருந்து வருகிறது. மீதி டெரெப்தாலிக் அமிலம், அது இன்னும் பெட்ரோலியத்தின் பிள்ளைதான். அப்புறம், மண்ணில் போட்டால் பருத்திபோல மக்கவும் மக்காது.