கலருக்கு முன்னால் கறுப்பைக் கழியுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களே இப்போது ஹை-ஸ்பீடு கேமராவை (விநாடிக்கு ஆயிரம் ஃபிரேம் என்று எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுவது) வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். அட்சதை விழுவது, பன்னீர் தெறிப்பது என்று எடுப்பதெல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். அப்புறம் கேமராவிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொண்டு, சென்சார் படித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலை அழித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கலரில் கை வைக்கிறார்கள். நிழலான இடமெல்லாம் செங்குத்தாகக் கோடு கோடாகத் தெரிகிறது, வெளிச்சம் ஏறி ஏறி இறங்குகிறது. கேட்டால் "கேமரா அவ்வளவுதான் சார்" என்கிறார்கள். இல்லை. அதையெல்லாம் எடுத்துவிடத் தேவையானது ரா ஃபைலில்தான் இருந்தது. அதைத்தான் அழித்துவிட்டார்கள்.

இடம் போதவில்லை என்பது முதல் சாக்கு. கணக்கைப் பாருங்கள். குரோனோஸ் 1.4 மாதிரி ஒரு கேமராவில் 1280×1024 அளவில், 12 பிட்டில் ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 2 எம்பி. விநாடிக்கு 1000 ஃபிரேம் என்றால் 2 ஜிபி. கேமராவுக்குள் இருக்கும் 16 ஜிபி மெமரி எட்டு விநாடியில் நிரம்பிவிடும், அதற்கு மேல் பழையதன் மீதே எழுதிக்கொண்டு போகும். ஆனால் நமக்கு வேண்டியது அதில் ஒன்றரை விநாடிதான், 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் அதுவே ஒரு நிமிடம் வரும். டிரிகர் (பதிவை நிறுத்தும் பட்டன்) அமுக்கியதும் தேவையான அந்தத் துண்டை மட்டும் குறித்து சேவ் செய்தால் மூன்று ஜிபி. கல்யாண வீட்டின் 4கே ஃபுட்டேஜை நூற்றுக்கணக்கான ஜிபிக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம், இந்த மூன்று ஜிபிக்கா இடமில்லை? (சேவ் முடிகிற வரைக்கும் படம் இருப்பது வெறும் ரேமில். கரண்ட் போனால் போனதுதான். கேமராவில் பேட்டரியோ, வெளியே இன்வெர்ட்டரோ இல்லாமல் நம் ஊரில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.)

திருவையாறு பக்கம் ஒரு தவில் வித்வான் வீட்டில் எடுத்ததை வைத்தே சொல்கிறேன். குச்சி விழும்போது தொப்பியின் (தவிலில் குச்சியால் அடிக்கிற பக்கம்) தோல் எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவருக்கே ஆசை. சாயங்காலம், கூடத்தில் டியூப் லைட்டும் எல்இடியும் மட்டும். 1000 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் வெளிச்சம் கிடைக்கும். வழக்கமாக நாம் வைக்கிற 1/50 ஷட்டரோடு பார்த்தால் இருபதில் ஒரு பங்கு. படம் இருட்டாகத்தான் வரும், அதைத் தூக்கினால் சென்சாரின் குறையும் கூடவே எழுந்து வரும்.

அந்தச் செங்குத்துக் கோடுகள் சென்சாரின் ஒவ்வொரு பத்தியும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி படிப்பதால் வருகிறவை. எல்லா ஃபிரேமிலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். நிறைய பேர் இதற்கு, படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் நாய்ஸைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறார்கள். அது அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறிக்கொண்டே இருப்பதை நாய்ஸ் என்று தள்ளிவிட்டு, மாறாமல் இருப்பதைப் படம் என்று நம்பி வைத்துக்கொள்கிற ஏற்பாடு. கோடு மாறுவதில்லை. ஆக, மேலே இருந்த புள்ளிப் புள்ளி நாய்ஸ் போய், கோடு முன்னைவிடத் தெளிவாக நிற்கும்! ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் இதுதான் கதை.

அந்தக் கோட்டைக் கழிக்கத்தான் வேண்டும், கறுப்பைக் கழிப்பது என்பது இதுதான். லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஃபிரேம் ரேட், அதே எக்ஸ்போஷர், அதே கெயினில் (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஒரு நூறு ஃபிரேம் இருட்டாக எடுங்கள், பத்தில் ஒரு பங்கு விநாடி வேலை. அந்த நூறையும் சராசரி எடுத்தால் தாறுமாறான நாய்ஸ் பத்தில் ஒன்றாகக் குறைந்து, சென்சாரின் கோடு மட்டும் சுத்தமாக மிஞ்சும். அதைப் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும், நிறமாகப் பிரிப்பதற்கு முன்னால், பேயர் நிலையிலேயே (ஒவ்வொரு பிக்ஸலிலும் ஒரே ஒரு நிறத்தின் அளவு மட்டும் இருக்கும் நிலை) கழிக்க வேண்டும். நிறமாகப் பிரித்த பிறகு ஒரு பிக்ஸலின் தவறு பக்கத்துப் பிக்ஸல்களுக்கும் பரவிவிடும், அப்புறம் கழிப்பதில் பிரயோசனம் இல்லை. ஃபேன்டம் மாதிரி கேமராக்களில் பிளாக் ரெஃபரன்ஸ் என்று இதற்கே ஒரு பட்டன் இருக்கிறது. ஆனால் சென்சார் சூடேற ஏற இந்தக் கோடு மாறும். காலையில் எடுத்த ரெஃபரன்ஸ் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்கு உதவாது. எனவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையோடு ஒரு இருட்டு, அதே ஃபோல்டரில்.

நான் இதை பைத்தானில் சின்ன ஸ்கிரிப்டாக வைத்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: குறியில்லாத 16 பிட் எண்ணில் அப்படியே கழித்தால் சுழியத்துக்குக் கீழே போகிற மதிப்பு 65535 பக்கமாகப் புரண்டு நிழலில் வெள்ளைப் புள்ளியாக வெடிக்கும். அதற்காகச் சுழியத்தில் வெட்டிவிட்டாலும் தப்பு. நாய்ஸின் கீழ்ப்பாதி போய்விடுவதால் நிழலின் சராசரி உயர்ந்து, வைட் பேலன்ஸில் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது கறுப்பு மெஜந்தாவாகத் திரும்பும். ஒரு சின்ன எண்ணைக் கூட்டி வைத்துக்கொண்டு கழித்து, அந்த அளவையே பிளாக் லெவல் (கறுப்பு எந்த எண்ணில் நிற்கிறது என்பது) என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் சரி.

அடுத்தது ஃப்ளிக்கர், அந்த வெளிச்சம் ஏறி இறங்குகிற தொல்லை. நம் கரண்ட் 50 சைக்கிள், லைட் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், 1000 ஃபிரேமில் அது பத்து ஃபிரேமுக்கு ஒரு சுற்று. ஆகவே பத்து ஃபிரேமின் சராசரி வெளிச்சத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குப் பெருக்கினால் போதும். கிரிட் சரியாக 50-இல் நிற்பதில்லை, பெரும்பாலும் 49.9-க்கும் 50.05-க்கும் நடுவில் அசையும். சின்னத் துண்டுக்கு அது பொருட்டில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் டிஃப்ளிக்கர் ஃபில்டரில் அளவை 10 என்று வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் இந்தப் பெருக்கல், கறுப்பைக் கழித்த பிறகுதான் சரியாக வரும். கழிக்காமல் பெருக்கினால் கறுப்பின் மிச்சமும் சேர்ந்து பெருகும், வெளிச்சமான இடம் அமைதியாகி நிழல் ஆடத் தொடங்கும்.

தவில் ஷாட்டில் இன்னொரு சிக்கலும் வந்தது. முழு ஃபிரேமின் சராசரியை வைத்துத் திருத்தினால், குச்சி பிடித்த கை உள்ளே வரும்போதெல்லாம் "வெளிச்சம் ஏறிவிட்டது" என்று ஃபில்டர் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. அதனால் அசையாத ஒரு இடத்தை மட்டும் அளந்தேன். தவிலின் பலாமர உடல், கையின் நிழல் விழாத ஒரு சின்னச் சதுரம். அதோடு படத்தின் ஆட்டம் நின்றுவிட்டது. மூன்று ஃபேஸ் உள்ள மண்டபங்களில் இதுவும் போதாது. ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ள லைட் வேறு வேறு நேரத்தில் ஏறி இறங்கும், இடது ஓரத்துக்கு ஒரு கணக்கு, வலது ஓரத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்துத்தான் செய்தாக வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நாய்ஸ் ரிடக்‌ஷன். 1000 ஃபிரேமில் அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய ஒன்றேயாக இருப்பதால் இந்த இடத்தில் அது பிரமாதமாக வேலை செய்யும். அதன் பிறகு வித்வானுக்குப் போட்டுக் காட்டினேன். குச்சி தோலில் பட்டு, எழுந்து, அதற்கப்புறம் மெல்லிய நிழல் வளையம் ஒன்று விளிம்பு வரை போய்த் திரும்புகிறது. கோடுகள் இருந்தபோது இந்த வளையம் கண்ணுக்கே தட்டவில்லை. அவர் இரண்டு தரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, குச்சி எந்திரிச்சப்புறம்தான் தோலு வேல செய்யுது பாருங்க" என்றார். கலர் என்று அதில் நான் செய்தது கொஞ்சம் கான்ட்ராஸ்ட் மட்டும்தான்.

கல்லணையில் மதகு திறக்கும்போது எடுப்பவர்களுக்கு ஃப்ளிக்கர் தொல்லை கிடையாது, பகல் வெளிச்சம். கறுப்பைக் கழிப்பது அங்கேயும் உண்டு. நாய்ஸ் ரிடக்‌ஷனை மட்டும் அளவோடு வையுங்கள், முன்னும் பின்னும் ஒன்றிரண்டு ஃபிரேம் போதும். ஏற்றி வைத்தால் பறக்கிற துளிகளையே நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிடும். நுரை வெளுத்துப் போகாமல் எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெளுத்த இடத்தில் ராவிலும் ஒன்றும் இருக்காது.

என் டிஸ்கில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஃபோல்டர்: ரா, அதன் இருட்டு, ஃபிரேம் ரேட்டும் எக்ஸ்போஷரும் கெயினும் எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல். சினிமா டிஎன்ஜி (ரா வீடியோவை வைக்கும் ஒரு ஃபார்மேட்) என்றால் ஃபிரேமுக்கு ஒரு ஃபைல், ஆயிரக்கணக்கில் இருக்கும், காப்பி ஆக நேரம் பிடிக்கும். அதனால் சுருக்காமல் ஒரே டார் ஃபைலாகக் கட்டி, செக்சம் (ஃபைல் கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் எண்) போட்டு, இரண்டு டிஸ்கில் வைக்கிறேன். ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.