கழுத்து நிற்கிற பொம்மை

என் துணிப் பொம்மையைக் கையில் எடுப்பவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "கண்ணு எவ்ளோ அழகா வரைஞ்சிருக்கீங்க!" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் கண் வரைவது அரை மணி நேர வேலை. என் நாளைத் தின்பது கழுத்து.

தலை கனம், கழுத்து ஒல்லி. பஞ்சு கொஞ்சம் தளர்ந்தாலும் சில மாதங்களில் பொம்மை தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதனால் ஒரு மூங்கில் குச்சியைக் கழுத்து வழியாக நெஞ்சு வரை இறக்கி, அதைச் சுற்றிப் பஞ்சைத் துணுக்குத் துணுக்காக அடைக்க வேண்டும். மொத்தமாக உருட்டித் திணித்தால் மேலே முண்டுமுண்டாகத் தெரியும். விரல்கள் இன்னும் மோசம். பொடித் தையல் போட்டு, வளைவுகளில் கத்தரி வைத்து, பிறகு புரட்டி எடுக்க வேண்டும். அதற்கு சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை, அதாவது கத்தரிக்கோல் மாதிரிப் பிடி உள்ள இடுக்கியை, மிஞ்சிய கருவி இல்லை. அடைத்து முடித்த கை, அழுத்திப் பார்த்தால் செங்காய்க் கொய்யா மாதிரி இருக்கணும்.

நான் ஓவியப் பள்ளிக்குப் போனவள் இல்லை. புதுச்சேரி முதலியார்பேட்டையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டினார். 1898-ல் தொடங்கிய அந்த மில் பிற்பாடு ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) ஆகி, 2020-ல் மூடியும் விட்டது. எங்கள் தெருவில் அதற்கு இன்றைக்கும் ரோடியர் மில் என்றுதான் பேர். எந்தத் துணி கிடைத்தாலும் அப்பா இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, "இது பாவு, இது ஊடை" என்பார். பாவு நெடுக்கு இழை, ஊடை குறுக்கு இழை. சாதாரண பருத்தித் துணி ஊடைப் பக்கம் லேசாக இளகும், பாவுப் பக்கம் அவ்வளவாக இளகாது. பொம்மை வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது. கையின் நீளத்தைப் பாவுப் பக்கம் வைத்து வெட்டினால் அடைத்த பிறகும் அளவு மாறாது. முகத்தில் இளகும் பக்கம் குறுக்கே வந்தால் கன்னம் உப்பும், நெடுக்கே வந்தால் முகம் நீளும். ஒரே அச்சுக் காகிதத்தில் வெட்டி அக்காவையும் தங்கையையும் செய்துவிடலாம். அப்புறம் மெத்தை தைக்கிற நீள ஊசியால் கண் ஓரத்திலிருந்து பின்தலைக்கு நூலை இழுத்துக் கட்டினால் கண்குழியும் மூக்கும் எழும்பி வரும்.

பல பொருள்களைக் கலந்து செய்கிற கலைக்கு மிக்ஸட் மீடியா என்று பெரிய பேர் சொல்கிறார்கள். என் மேசையில் அதற்கு அர்த்தம் ஃபெவிகால், சாக்பவுடர், பழைய ஜரிகை, அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம், ஒரு டப்பா துருப்பிடித்த ஆணி. உடம்புக்குக் காடா துணி. கஞ்சி போகத் துவைத்து டீத்தண்ணீரில் முக்கினால் நம்மூர் நிறம் வந்துவிடும். ஆனால் டீயின் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். கடுக்காய் ஊறிய துணியில் இரும்புக் கரைசலால் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு போடுவதும் இதே கணக்குதான். கடற்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் உள்ளே அலுமினியக் கம்பிதான் வைக்கிறேன். ஆணிகளைத் தனியாக வினிகரில் ஊறவைத்து, பொம்மையின் புடவைக் கரைக்கு அந்தக் கறுப்பை எடுத்துக்கொள்கிறேன். கடைச் சாயத்தில் இவ்வளவு ஆழமான கறுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

வாங்க வருபவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் கொலு வைப்பவர்கள். பண்ருட்டி மண் பொம்மையும், புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் பார்த்துப் பழகிய கண்கள் அவை. கலைக்கூடத்துக்காரர்கள் பொம்மை என்ன சொல்ல வருகிறது என்று கேட்பார்கள். இவர்கள் கேட்பது ஒன்றுதான்: "படியில நிக்குமா?" அடுத்த கேள்வியும் சரியாக வரும்: "மழைக்குத் தாங்குமா?" நவராத்திரி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போகிற சமயம்தான் இங்கே ஐப்பசி மழை பிடிக்கும். பருத்திப் பஞ்சு ஈரத்தை இழுத்துப் பூசணம் வைக்கும், இலவம் பஞ்சு நாளாக நாளாக அமுங்கிவிடும். மனசில்லாமல்தான் பாலியெஸ்டர் பஞ்சுக்கு மாறினேன்.

விலை சொன்னதும் எல்லாரும் ஒன்றுபோல்தான். "வெட்டுத் துணிதானே, உள்ள பஞ்சுதானே?" நூறு முறை விளக்கிச் சலித்தாயிற்று. இப்போதெல்லாம் விற்பனைக்குப் போகும்போது பாதி அடைத்த பொம்மைக் கால் ஒன்றையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்துப்போகிறேன். பேரம் பேசுபவரிடம் ஃபோர்செப்ஸையும் கொடுத்து, "நீங்களே கொஞ்சம் அடைச்சுப் பாருங்க" என்பேன். சிலர் இரண்டு துணுக்கு வைத்துவிட்டுப் பேசாமல் காசை எடுக்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே பாதம் வரை அடைத்துவிட்டு, அப்புறமும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறார்கள். அடைத்தது கெட்டியாக இருந்தால் குறைத்துத்தான் கொடுக்கிறேன், அந்தக் கால் அடுத்த பொம்மைக்கு ஆயிற்றே.