எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. ஆரம்பத்தில் வயதானவர்களிடம் நேராகவே கேட்பேன்: "இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" பெரும்பாலும் "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு ஆறிய தழும்பு இருக்கும்.

81 வயதுப் பாட்டி ஒருவர் சொல்லித்தான் காரணம் புரிந்தது. மகள் காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு தடவை விழுந்தேன் தம்பி. சொன்னா வாசலுக்குக்கூட விடமாட்டா."

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "நடக்கும்போது எதைப் பிடிச்சுக்குவீங்க?" இப்படிக் கேட்டால் வீடு முழுவதும் கண்முன் வந்துவிடும்: கட்டில் விளிம்பு, பீரோ கைப்பிடி, பாத்ரூமில் டவல் கம்பி. அந்தக் கம்பியை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஈரத் துண்டைத் தாங்க மாட்டிய கம்பி அது. வழுக்கும்போது இழுத்துப் பிடித்தால் திருகாணியோடு கையில் வந்துவிடும். சுவரில் ஆழமாகத் துளையிட்டு, ஆள் எடை தாங்கும் கைப்பிடி பொருத்தச் சொல்வேன்.

பாட்டியை நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு 19 ஆனது. நொடிக் கணக்கை விட அவர் திரும்பிய விதம்தான் எனக்கு அதிகம் சொன்னது. குட்டிக் குட்டியாக ஏழெட்டு அடி வைத்துத்தான் திரும்பினார்.

நாம் சாயாமல் நிற்கக் கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி மூன்றும் வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயில் பாட்டியின் பாதம் மரத்துப்போயிருந்தது. இருட்டில் கண்ணும் உதவாது. இரண்டு முறையும் விழுந்தது ராத்திரி பாத்ரூம் போகும்போதுதான். படுக்கவைத்தும், எழுந்து நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தேன். நின்றதும் மேல் அளவு 20 புள்ளிக்கும் அதிகமாகக் குறைந்தது; அப்படிக் குறைந்தால் தலைசுற்றி விழலாம். அதை எழுதி அவருடைய டாக்டருக்கு அனுப்பினேன்; அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மாத்திரையை நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

பயிற்சிக்குச் சமையல் மேடையே போதும். அதைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் அடுத்த பாதத்தை வைத்து நிற்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறையிலும் கால் வலுவும் சமநிலையும் நடையும்தான் அடிப்படை.

மகளிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. "நீங்க சும்மா உட்காருங்கம்மா" என்று அவர் சொன்னது முழுக்கப் பாசத்தில்தான். ஆனால் உட்கார உட்காரத் தொடைத் தசை கரையும்; பிறகு நாலு எட்டு வைத்தாலே தடுமாறும். விழாமல் காக்க நினைத்து, விழுவதற்கே வழி செய்துவிடுகிறோம். இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. அதற்காக நான் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

மூன்று மாதத்தில் 19 நொடி 14 ஆனது. அப்புறம் ஒருநாள், மகள் பக்கத்தில் நிற்கும்போதே பாட்டி சொன்னார்: "நேத்து கொல்லையில தடுமாறிட்டேன் தம்பி."

மகள் திட்டவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி படிந்திருந்ததாம். காலையிலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டதாகச் சொன்னார்.