பூவரசு வேலிக்கு இப்பால்

நேற்று மாலை 5.30 மணியளவில் எங்கள் கோப்பாய் வீட்டு வளவில் பெறாமகளைப் படமெடுத்தேன். அவள் உள்ளே நிற்க, நான் ஒழுங்கையில் குந்தியிருந்து, வேலிப் பூவரசின் இலைக்கொத்தொன்று லென்ஸுக்குச் சாண் தூரத்தில் வருமாறு வைத்து, 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 வரை அகலத் திறந்தபோது, இலைகள் உருவிழந்து பச்சைப் புகையாகப் படத்தின் இடது ஓரத்தில் படிந்தன. ஓட்டோ ஃபோக்கஸ் முதலில் அந்தக் கிட்டத்து இலையையே பிடிக்க முயன்று, முடியாமல் அலைந்து அடம்பிடித்தது. ஒற்றை ஃபோக்கஸ் புள்ளியை அவளது கண்ணில் வைத்த பிறகே வழிக்கு வந்தது.

சூரியன் அவளுக்குப் பின்னால் பனைகளுக்கு மேல் சாய்ந்திருந்ததால் முடியோரம் பொன்னாக மின்னியது, முகமோ இருண்டது. முகத்துக்கேற்ப ஒளியைக் கூட்டினேன். வானம் வெளுத்தது, போகட்டும். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை அண்ணா அவள் முன்னே விரித்துப் பிடித்ததும் (இதைவிட நல்ல ரிஃப்ளெக்டர் எனக்கு வாய்த்ததில்லை) கண்களில் ஒளிப்பொட்டு விழுந்தது. "சித்தப்பா, நுளம்பு கடிக்குது" என்று அவள் முகம் சுளித்த படத்தையே இங்கு பகிர்கிறேன்.