பவானிப் பக்கத்து ஹெபடைடிஸ் குறிப்புகள்

ஜூலை 22, 2025, செவ்வாய்

பவானியை ஒட்டி, ஜமக்காளம் நெய்யும் வீடு. வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் தற்செயலாகத் தெரிந்தது. கூட இருப்பவர்களில் யாரிடம் வைரஸ் இருக்கிறது, யாருக்கு இனிமேல்தான் ஊசி போட வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு.

அவருடைய அம்மா ரத்தக் குழாய்களை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங் அம்மிணி, என்ற பையனுக்குக் கண்ணுல துளி மஞ்சளில்லீங்க. அப்புறம் எங்க ரத்தம் எதுக்குங்?"

நியாயமான கேள்வி. கண் மஞ்சளாகிப் பத்தியம் இருந்து தேறுகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, இ வகை. கெட்ட தண்ணீரில் வரும், சில வாரத்தில் தானாகவே போகும். கர்ப்பிணிக்கு இ வந்தால் மட்டும் உயிருக்கே ஆபத்து. பி அப்படியில்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றினால் 100 குழந்தைகளில் 90 பேரிடம் தங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வளர்ந்தபின் தொற்றினால் 100க்கு 5 பேரிடம்கூடத் தங்காது.

ஆக எனக்கு முக்கியம் அந்த அம்மாவின் ரத்தம். ஆனால் மகனுக்கு நோய் கொடுத்தவள் என்ற பேர் வந்துவிடக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் 'தாய்வழி' என்ற வரியை விழுங்கவுமில்லை, அங்கே குரலை உயர்த்தவுமில்லை.

ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த தங்கையும் கை நீட்டினாள். ஆறு மாதம். பிரசவ அட்டையில் ஹெபடைடிஸ் கட்டம் காலி.

ஜூலை 23

எலைசா என்கிற ரத்தப் பரிசோதனை போட்டோம். ஆன்டிஜென், அதாவது வைரஸின் மேலுறைப் புரதம், இருக்கிற குழி முதலில் நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சள். அந்த வீட்டுக் குழிகளில் இரண்டு மஞ்சள்: அம்மா, தங்கை. மறுபடி ஓட்டினோம், அதேதான்.

மருமகளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியில் பி-யும் உண்டு; பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பெருமையெல்லாம் ஊசிக்கே என்று எழுதிவிட முடியாது, தாய்க்கே தொற்று இல்லையே.

ஜூலை 26

தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அழவில்லை. "கோபியில எங்க மாமியாருக்குச் சொல்லோணுங்களா?"

சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஆனால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி விழ வேண்டும், கூடவே இம்யூனோகுளோபுலின் என்கிற தயார் எதிர்ப்புப் புரத ஊசி, அதை மட்டும் விட்டுவிடாதே என்றேன். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக. வைரஸ் அளவு பார்க்க இன்னொரு குழாய் எடுத்தோம்.

ஜூலை 28

உலக ஹெபடைடிஸ் தினம். 1960களில் இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கின் பிறந்தநாள். தேசியத் திட்டமும் 2018இல் இதே நாளில்தான் தொடங்கியது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

முகாமில் ஒரு பெரியவர்: "கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சாப் போயிருமுங்களே?" சிரித்துத் தள்ள மனம் வரவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத் தியாகராசன் குழு, பிளம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட்டில் இதையே எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் எனக்கும் ஆசை, வேலியோரமே முளைக்கிறதே. ஏ வகைக் காமாலைக்கு எதைக் குடித்தாலும் குணமாகும், பேர் மட்டும் கீழாநெல்லிக்கு.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. களப்பணிக்கு லீவு.

ஆகஸ்ட் 6

தங்கையின் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல். கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் போவது வெகுவாகக் குறையும். அவளுடைய கல்லீரல் நொதிகள் சரியாக இருக்கின்றன.

கூட வந்தது அண்ணன் என்று நினைத்தேன், புருஷன். சொல்லியிருக்கிறாள். "எனக்கும் பார்த்துருங்க மேடம்" என்று சட்டைக் கையை மடித்தார். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லையென்றால் அவருக்கு மூன்று ஊசி: உடனே ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மாமியாரிடம் எப்போது சொல்வது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஸ்கேன் வியாழக்கிழமை.