“சும்மா நாலு வரி படிங்க சார்”

ஒரு சீட்டுப் பணத் தகராறு. எதிர்த்தரப்பு ஒரு மிரட்டல் அழைப்பைத் தன் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தது. அதில் பேசியது நான்தான் என்று புகார். நான் இல்லை. வழக்கு நடப்பதால் ஊர், பெயர் எதுவும் வேண்டாம். குரல் மாதிரி, அதாவது அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க என் குரலின் பதிவு, கொடுக்கப் போய்ப் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

விசாரணைக்குப் போனபோது ஸ்டேஷன் ரைட்டர் தன் சொந்த போனை மேஜையில் வைத்து, ஒரு தாளை நீட்டினார். “சும்மா நாலு வரி படிங்க சார். மேட்ச் ஆகலைன்னா உங்களுக்குத்தானே நல்லது.” அவ்வளவு கரிசனம். “மாஜிஸ்திரேட் உத்தரவு இருக்கா சார்?” என்றதும் கரிசனம் காணாமல் போனது. மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள்.

தரவே மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதில் பயனில்லை. குரல் மாதிரி கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது, அந்தரங்க உரிமையும் எல்லையற்றது அல்ல என்று ரித்தேஷ் சின்ஹா வழக்கில் 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உத்தரவிட வேண்டியது மாஜிஸ்திரேட், ரைட்டர் அல்ல. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவில் இது தெளிவாகவே இருக்கிறது. கைதே ஆகாதவரிடம் மாதிரி கேட்பதென்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நான் கைதாகவில்லை. போலீஸ் மனு போட்டது, எங்கள் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு வந்தது. அதில் வம்பில்லை.

வம்பு தடயவியல் ஆய்வகத்தில். லீவு போட்டு, இரவு பஸ் பிடித்து சென்னை போனால், கூட வந்த ஏட்டையா கொண்டுவந்த கடிதத்தில் ஒரு குற்ற எண், நீதிமன்ற உத்தரவில் வேறொன்று. “இது வேற கேஸ் சார்” என்று கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். அவர் மேல் தப்பில்லை. ஏட்டையாவோ என்னைத்தான் முறைத்தார். நீங்கள் போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே உத்தரவு, கடிதம் இரண்டையும் வாங்கி எண்ணைச் சரிபாருங்கள். காட்ட மறுத்தால் வக்கீல் மூலம் கேளுங்கள்.

அடுத்த முறை எண் சரி. படிக்கக் கொடுத்த தாளில்தான் கோளாறு. மிரட்டல் அழைப்பில் இருந்த அதே வாக்கியங்கள், வரிக்கு வரி! அழைப்பில் வரும் சொற்கள் இருக்கலாம், அந்த வாக்கியங்களையே படிக்க வைக்கக்கூடாது என்று சுதீர் சௌத்ரி வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நான் படிக்க மறுத்தேன். ஏட்டையா யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் வேறு தாள் வந்தது, அதுவும் சுத்தமான செந்தமிழில். மிரட்டுகிறவன் ‘தாங்கள் பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்றா பேசுவான்? ஆய்வக அதிகாரியே சிரித்துவிட்டு, இயல்பாகப் பேசச் சொல்லியும் பதிவு செய்துகொண்டார்.

போலீஸ் உன் போனை ஒட்டுக்கேட்டதா என்று பலர் கேட்கிறார்கள். அது வேறு கதை. லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. குற்றத்தைத் துப்பறிவதற்கு என்பது மட்டும் போதாது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்றது. எனக்கு அந்த வாதம் உதவாது. இங்கே பதிவு செய்தவர் அழைப்பின் மறுமுனையில் இருந்தவர்.

ஆய்வக அறிக்கை இன்னும் வரவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானால் அறிக்கையின் நகல் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். கூடவே அந்தப் பதிவுக்கு, மின்னணுச் சாட்சியத்துக்கான புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் ஹாஷ் எண் (பதிவை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் டிஜிட்டல் கைரேகை மாதிரி) குறித்திருக்கிறதா என்று பார்க்க வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். ரைட்டர் மேஜையில் வைத்த போனில் அன்று பதிவு ஓடிக்கொண்டிருந்ததா என்று எழுத்தில் கேட்ட மனுவுக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.