அம்மா இளைத்தது வயதால் அல்ல

ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறீர்கள் என்று கேட்டால், "ஏட்டி, வயசானா ஒடம்பு வத்தத்தான செய்யும்" என்பதுதான் அம்மாவின் பதில். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அம்மாவுக்கு 74 வயது, பல வருடச் சர்க்கரை. அப்பா போனபிறகு பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். மூன்று வேளையும் சாப்பிடுகிறவரைப் பட்டினி என்று யார் சொல்வார்கள்?

மாதாமாதம் மாத்திரை வாங்கும் நோட்டைப் புரட்டினேன். எடை 46 கிலோ, அடுத்து 44, அப்புறம் 42. சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே எழுதியிருந்த எடையை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த நோட்டோடு முதியோர் மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் கேட்டது பசி, எடை, நடமாட்டம், சமீபத்திய நோய் அல்லது பெரிய மனக்கஷ்டம், மறதியும் மனச்சோர்வும் என ஐந்து விஷயங்கள். ஆறாவதாக உயரத்துக்கேற்ற எடை பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முதுகு கூனிவிட்டதால் அதற்குப் பதில் கெண்டைக்காலை டேப்பால் அளந்தார். 29 செ.மீ. இந்த ஆறுக்கும் சேர்த்து மொத்தம் 14 மதிப்பெண். 12 முதல் நல்ல நிலை, 8 முதல் 11 வரை ஆபத்து, 7-ம் அதற்குக் கீழும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அம்மாவுக்கு 7.

பிறகு தைராய்டு, சிறுநீரகம், பி12, டிபி இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. டிபி இல்லை என்று வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. பி12 மட்டும் மிகக் குறைவு. சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு இப்படி ஆகலாமாம். சிலருக்குப் பசியையும் அது குறைக்கும். ஊசி எழுதி, மாத்திரை அளவைக் குறைத்தார் டாக்டர். இந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுவதைவிட ரொம்பத் தாழ்வதுதான் பயம் என்றார்.

அப்புறம் கேட்டார்: "நேத்து காலையிலருந்து என்ன சாப்ட்டீங்கம்மா? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

இரண்டு இட்லி. ரசஞ்சோறு. டீயில் நனைத்த பிஸ்கட். ராத்திரியும் இட்லி. கடைவாய்ப் பல் போனதால் காய், பயறு, கறி எல்லாம் நின்றுவிட்டன. 'சர்க்கரைக்கு ஆகாது' என்று யாரோ சொல்ல, முட்டையும் நிலக்கடலையும்கூடப் போய்விட்டன. ஒரு ஆளுக்காக மீன் வாங்கி அலசுவதாவது என்று அதையும் விட்டுவிட்டார்.

பல் செட்தான் பெரிய பாடு. அச்செடுத்து, கடி பார்த்து, மாட்டிய பிறகும் ஈறு புண்ணாகி, "எனக்கு இது வேண்டாம்ளா" என்று கழற்றி டம்ளரில் போட்டுவிட்டார். உரசும் இடத்தை ராவித் தர மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது. பாதியில் விடுகிறவர்கள் இங்கேதான் விடுகிறார்கள்; செட்டைக் குறை சொல்வதற்கு முன் ராவச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருந்ததால் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். சத்துமாவு டப்பாவை அம்மா தொடவில்லை. உளுந்தஞ்சோறு என்றதும் முகம் மாறியது. குழைய வைத்து, எள்ளுத் துவையலும் அவித்த முட்டையும். இன்னொரு நாள் முள் எடுத்த சாளைக் குழம்பு. மோருக்குப் பதில் கெட்டித் தயிர். மதியம் பக்கத்து வீட்டு அத்தையும் வந்து சேர்ந்து சாப்பிடுகிறார். அன்றைக்கெல்லாம் அம்மா இரண்டாவது கரண்டி கேட்கிறார்.

இப்போது 44 கிலோ. நோட்டில் எடை எழுதியதும் போன மாதத்து எண்ணை நானே சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவரின் கெண்டைக்காலைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். பருத்த இடத்தில் 31 செ.மீ.க்குக் கீழே என்றால், எடை எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு கூட்டிப் போங்கள்.